படையலில் ஒரு சிகரெட்

குச்சியைக் கிழித்தார். சிகரெட்டின் நுனியில் பிடித்தார்.

நுனி கறுத்தது. லேசாகச் சிவந்தது. அணைந்துவிட்டது.

இன்னொரு குச்சி.

அதுவும் அப்படித்தான்.

எதிரே மகன். கல்லூரியில் சேர எடுத்த படம். பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். பைபாஸில் லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள்.

இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. சில்லி சிக்கன். முட்டை பப்ஸ். நுரை அடங்கிப்போன கோலா. ஓரத்தில் சிகரெட்டுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள் மனைவி.

பிடித்தது எதுவோ அது இல்லாவிட்டால் பிள்ளை மற்றதையும் தொடமாட்டான், பசியோடுதான் போவான் என்று சொல்லியிருந்தாள். ஒரு தடவைதான் சொன்னாள். அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

பெட்டிக்கடைக்காரன் எது வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றை உருவிக் கொடுத்தான். தம்பி வாங்குவது இதுதான் என்றான்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. எவன் வாயைத் திறந்தான்?

அவருக்குத் தறிக்கூடத்தில் வேலை. பஞ்சு பறக்கிற இடம். ஒரு பொறி போதும். தீப்பெட்டியோடு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பீடி, சிகரெட் எதையும் வாயில் வைத்ததில்லை. வைத்தவனை நம்பியதும் இல்லை.

மகன் சட்டைப்பையில் தீப்பெட்டி அகப்பட்ட அன்று அதைப் பிடுங்கிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார். எவன் பழக்கினான் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். சிநேகிதர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். எதற்கும் அவன் தலையாட்டவில்லை. அழவும் இல்லை.

அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. பேசுவதற்கு நாளும் இருக்கவில்லை.

அந்தச் சிநேகிதர்கள் இன்று பூமாலையோடு வந்திருந்தார்கள். தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். இதில் ஒருவன்தான். எவன் என்றுதான் தெரியவில்லை.

விளக்குச் சுடரில் காட்டினார். கற்பூரத்தில் காட்டினார். அட்டையால் விசிறிப் பார்த்தார்.

எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஜன்னலைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

பின்னால் பங்காளிகள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். சோறு ஆறுகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மனைவியின் தம்பி குனிந்து காதோடு சொன்னான். வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றுமாம். தான் ஒரு இழுப்பு இழுத்துத் தருவதாகக் கையை நீட்டினான்.

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

எச்சில் பட்டதை எவனாவது படைப்பானா? உப்புக்கூடப் பார்க்காமல் அல்லவா சமைத்து வைத்திருக்கிறாள்.

பற்றவைக்காமல் அப்படியே வைத்துவிடலாமே என்றான் மைத்துனன்.

அப்படியே வைத்தால் பையன் எதைக் கொண்டு பற்றவைப்பான்? தீப்பெட்டியைத்தான் பிடுங்கியாயிற்றே.

அதைச் சொல்லவில்லை. இன்னொரு குச்சியைக் கிழித்தார். விரலில் சுட்டது.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவனுக்கு இரண்டு வயது இளையவள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இத்தனை நாளும் சுவரோரமாகவே கிடந்தாள்.

அவர் விரலிலிருந்து சிகரெட்டை எடுத்தாள். கறுத்த நுனியைக் கிள்ளிப் போட்டாள். உதட்டில் வைத்தாள்.

ஒரே குச்சி.

காற்றே இல்லாத அறையில், சுடரைக் கையால் அணைகட்டிப் பிடித்தாள்.

நுனி பளிச்சென்று சிவந்தது.

அவள் இருமவில்லை.

மைத்துனன் அவள் பெயரைச் சொல்லி அதட்டிக்கொண்டு முன்னால் வந்தான். எச்சில் பண்ணிவிட்டாளே என்றான்.

அவள் மாமனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு என் எச்சி ஒண்ணும் புதுசில்லீங்கப்பா."

சிகரெட்டை இலையின் ஓரத்தில் வைத்தாள். நெருப்பு இலையில் படாமல், கொஞ்சம் வெளியே தள்ளி.

புகை நேராக எழுந்தது. படத்தருகே போய்க் கலைந்தது.

அவர் கை இடுப்புக்குப் போனது. பெல்ட் இல்லை. படையல் என்று கழற்றி வைத்திருந்தார்.

கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு எழுந்து, எல்லாரும் வெளியே வாருங்கள் என்றார்.

படைத்த பின் அறைக்கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வரைக்கும் உயிரோடு இருக்கிற யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அதுதான் முறை.

பங்காளிகள் வந்தார்கள். மைத்துனன் வந்தான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

மைத்துனன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"மச்சான், புள்ளை உள்ளயே இருக்குது."

"தெரியும்."