கொரோபுனா மலையின் பனி

கழுதை முதுகிலிருந்து உடலை இறக்கிக் கரும்பாறையில் கிடத்தினார்கள்.

கொரோபுனாவின் பனி இந்த வருடம் உருகி இன்னும் மேலே ஏறிவிட்டது. அது விட்டுப்போன இடத்தில், எப்போதோ எரிமலை கக்கிய கற்களின் இடுக்கில், குப்புறக் கிடந்தானாம். அல்பாகா மந்தை ஓட்டிப் போனவர்கள் கண்டார்கள்.

முகம் பழந்தோல்போலச் சுருங்கியிருந்தது. அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் எல்லோரும் கசியானோவைத்தான் பார்த்தார்கள். அவர் மகன் ருஃபினோ ஊரைவிட்டுப் போய் வெகுகாலம். லிமாவில் பெரிய வேலை என்று அவர் சொல்லியிருந்தார்.

பாவமன்னிப்பில்லாமல் பனியில் செத்தவனை மலை உள்ளே சேர்க்காது. அவன் ஆவி பிறந்த வீட்டைத் தேடி வரும். அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கசியானோவின் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளையின் அப்பா ஹிலாரியோ தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. தோள்பட்டையப் பாத்தா உங்க பையன் மாதிரி இருக்கு. இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறிடும்."

கசியானோ முதுகு வளையாமல், முழங்காலை மட்டும் மடக்கி உட்கார்ந்தார்.

பிணத்தின் சட்டையைப் புரட்டினார்; உள்மடிப்பில் சிவப்பு நூல் தையல். கறுப்பு நூல் தீர்ந்துபோன நாளில் அவர் மனைவி தைத்தது. அவளும் இப்போது இல்லை.

மடிப்பை மூடி எழுந்தார்.

"எவன் பெத்த பிள்ளையோ! எம் பையன் இந்நேரம் லிமாவுல சுடச்சுட காப்பி குடிச்சிட்டிருப்பான். நீங்க போய் கல்யாண வேலையப் பாருங்க சம்பந்தி."

ஹிலாரியோ வாய்விட்டுச் சிரித்தார். அநாதைப் பிணத்தை ஊருக்குள் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே கல்லடுக்கி மூடிவிடலாம் என்று முடிவாயிற்று.

செத்தவன் மலையேறக் காலில் செருப்பு வேண்டும். பெற்றவர்கள்தான் மாட்டிவிட வேண்டும். அவன் கால் வெறுங்காலாக இருந்தது. ஹிலாரியோ பார்த்துக்கொண்டே நின்றார்.

முதல் கல்லைக் கசியானோதான் வைத்தார். மார்பின்மேல், அந்த மடிப்பு மறையும்படி.

எல்லோரும் இறங்கிய பிறகு மலையை ஏறிட்டுப் பார்த்தார். சரிவெல்லாம் கறுத்துக் கிடந்தது. உச்சியில் கிழிந்த துணியளவு வெள்ளை மிச்சம்.

மகன் ஊரைவிட்டுப் போன அன்று, அவன் திருடிக்கொண்டு வந்த அல்பாகாவை யாருக்கும் தெரியாமல் உடையவன் பட்டியில் விட்டுவிட்டு வந்து, வாசலில் நின்றவனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த மலையில பனி இருக்கறவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காதே."