வாய் திறக்காத மூன்று மணி நேரம்

அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் மகனைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று பள்ளிக்கூடம் பொறுக்கியெடுத்த நாளிலிருந்து பேச்சியம்மாளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் ஒரே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் படிக்கிற சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அந்த வரிசை லைன் வீடுகளில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். மீறினால் அவன் வாசலில் மாட்டியிருக்கிற பெட்டி சிவப்பாக எரிந்து பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடும்; சத்தம் போட்ட வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும்.

பேச்சியம்மாள் மகள் இசக்கிக்கோ கத்திப் படித்தால்தான் மண்டையில் ஏறும். மூன்று மாதமாக அவளும் சத்தத்தை அடக்கி வாய்க்குள்ளேயேதான் படித்தாள்.

அன்று பேச்சியம்மாள் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தாள். "ஏட்டி அந்தோணி, ஒம் மவன் படிச்சா படிப்பு, எம் மவ படிச்சா இரைச்சலோ?"

பெட்டி சிவந்தது.

"மெதுவாப் பேசுக்கா. ஒம் மவளுக்குத்தான் மார்க்கு போவும்," என்றாள் அந்தோணியம்மாள்.

"போனாப் போவுது! ஏட்டி இசக்கி, நீ சத்தமாப் படி. லைனே கேக்கட்டும்!"

இசக்கி புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

"சத்தமாப் படின்னேன்லா!"

"சத்தமாத்தானம்மா படிக்கேன்," என்று இசக்கி கிசுகிசுத்தாள்.