ஆரோக்கியம் ஊட்டு வாசல்

"சொந்த ஊருக்கே இட்டுகினு வந்துட்டு, ஊட்டை மட்டும் காட்ட மாட்டேன்னா இன்னாக்கா நியாயம்?"

அலையில நின்னுகினே புஷ்பா கத்துனா.

மணல்ல ஒக்காந்திருந்த ஆரோக்கியம் சிரிச்சா. "தலவலிம்மா."

ஆவடி குவார்ட்டர்ஸ்லேர்ந்து நாலு குடும்பம் வேன் புடிச்சுப் போயிருந்தோம். எண்பத்தேழோ, எட்டோ. வேன் ஓட்டுன சம்பத்துக்கு வழியெல்லாம் வாந்தி. ஓட்டுறவனுக்கே வாந்தின்னா பாத்துக்கோயேன்! சரி, அது கெடக்கட்டும்.

சூசையப்பர்பட்டினம்னு சின்ன ஊரு. பனி இன்னும் வெலகல. கடல் எது, வானம் எதுன்னே தெரியல. சர்ச் கோபுரம் மட்டும் மெதந்துகினு நின்னுச்சு, கனவுல பாத்தாப்புல. ஃபேக்டரி சங்கைத் தவிர வேற சத்தத்துக்கு முழிக்காத எங்க புள்ளைங்க, அலைச் சத்தத்துக்கு வாயைப் பொளந்துகினு நின்னுச்சுங்க.

குவார்ட்டர்ஸ்ல கரண்ட் போனா, ஆரோக்கியம் புள்ளைங்களுக்கு இந்த ஊட்டுக் கதைதான் சொல்லுவா. பச்சை ஜன்னலு, வாசல்ல நந்தியாவட்டை, ஜன்னலைத் தொறந்தா கடலு. அதைக் கேட்டுத்தான் இந்த ஊருக்கே போவணும்னு அதுங்க அடம் புடிச்சது.

வந்து எறங்குனா, இவ கட்டுசோத்தைப் பிரிச்சுகினு ஒக்காந்துட்டா.

"சொந்த ஊர்ல புளிசோறு! இத்தினி பேருக்குக் காபி போடணுமேன்னு பயம். நாங்க மிதிச்சா உங்க வாசப்படி தேஞ்சா பூடும்?"

புஷ்பா வாய் அப்படி. பூந்தமல்லியில வாங்குன புது செருப்பைக் கரையில உட்டா எவனாச்சும் தூக்கினு பூடுவான்னு, செருப்போடவே கடல்ல நின்னவ அவ.

கடைசில அவளே கெளம்பிட்டா. வலை காயவச்சுகிட்டிருந்த ஜேம்ஸ்னு ஒருத்தரைப் புடிச்சா.

"அண்ணே, ஆவடிக்குக் கட்டிக் குடுத்தாங்களே ஆரோக்கியம், அவங்க ஊடு எது?"

அவரு கடலைக் கை காட்டுனாரு.

"அதோ, ஒரு பாப்பா குதிக்குது பாரு, அங்கதாம்மா வாசல். போன புயல்ல தெருவே உள்ள போயிடுச்சு. ஆளுங்க தப்பிச்சதே பெருசு."

குதிச்சது புஷ்பா பொண்ணு.

புஷ்பா ஓடியாந்து ஆரோக்கியம் பக்கத்துல தொப்புனு ஒக்காந்தா. "ஏன்க்கா சொல்லல? நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேனே..."

"மெதுவா பேசு. புள்ளைங்க மொத மொதல்ல கடலைப் பாக்குதுங்க. இது ஊட்டை முழுங்கும்னு இன்னிக்கே தெரியணுமா? என்னைக் கஞ்சம்னே நெனச்சுக்கட்டும், போ."

"எம்மா, வாம்மா! ஜில்லுனு கீது!" பொண்ணு தண்ணிலேர்ந்து கூப்புட்டுச்சு.

புஷ்பா எழுந்தா. முந்தானையில மூக்கைத் தொடச்சா.

புது செருப்பைக் கழட்டி மணல் மேட்டுல ஓரமா உட்டுட்டு, அப்புறம்தான் தண்ணில கால் வச்சா.