சாக்குத் தையல்

"உந்தத் தையலை ஆர் போட்டது, பிள்ளை?" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா என்னிடம் கேட்டார். நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். கணையத்தில் இருந்த புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்று சர்ஜன் சொல்லிவிட்டார். "வெட்டி எறிஞ்சிருங்க டொக்டரய்யா, நான் தாங்கிக்கிருவேன்" என்று அம்மா அவரைக் கும்பிட்டாள். றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது அம்மாவின் வயிற்றில் குறுக்காக, முந்தின நாள் இல்லாத ஒரு தையல் இருந்தது. இரத்தமில்லை. காயம் ஆறியிருந்தது. கொழுந்துச் சாக்கு கிழிந்தால் அம்மா தைப்பதுபோல மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. சாக்கு ஊசி சுவரில் செருகிய இடத்திலேயே துருவேறிக் கிடந்தது.

"பாத்தியா, எடுத்துட்டாங்க. திங்கக்கெழம வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு வந்துருவேன்னு கங்காணிக்கிட்ட சொல்லு" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. துணியில் இரத்தம் வந்தது.

மூன்று நாள் கழித்து வந்த டிஸ்பென்சர் ஐயா தையலைத் தொட்டுப் பார்த்துத்தான் என்னிடம் அப்படிக் கேட்டார். பிறகு மூச்சைக் கேட்பதற்காக அம்மாவின் சட்டையை விலக்கினார். இடது விலாவின்மேல், அதே நூலில், புதிதாக மூன்று தையல் விழுந்திருந்தது. முடிச்சு இன்னும் போடவில்லை. நூல் நுனி அம்மாவின் மூச்சோடு ஏறி இறங்கியது.

அவர் பையை மூடினார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.