ஐந்தாவது ரக்அத்

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று.

நான்காவதை முடித்து உட்கார வேண்டிய இடத்தில், தொழவைத்துக்கொண்டிருந்த ஹாஜியார் எழுந்து நின்றுவிட்டார்.

"சுப்ஹானல்லாஹ்."

கம்பெனித் தொழுகை அறையின் கடைசி வரிசையிலிருந்து நூகு குரல் கொடுத்தான்.

முன்னால் நிற்பவர் தவறினால் பின்னால் நிற்பவர் அப்படிச் சொல்லித் திருத்த வேண்டும். அதுதான் முறை.

அந்த முறையை இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே முதலாளி ஹாஜியார்தான். "கம்பெனியிலயும் நான் தப்புனா பின்னால இருந்து சொல்லுங்கப்பா. சொல்லாதவன் நம்பி ஒப்படைச்ச அமானிதத்தைக் கெடுத்தவன்" என்பார், வெள்ளிதோறும்.

தரம் பார்க்கும் நூகு அதை நம்பினான்.

குளிர் அறை பழுதாகி இறால் இளகியதையும், அதையே மறுபடி உறையவைத்துப் பெட்டியில் அடைத்ததையும் அவரிடம் நேரில் போய்ச் சொன்னான்.

பொய்ப் புகார் என்று நூகு மேலேயே விசாரணை வந்தது. இன்று, தொழுகை முடிந்ததும். சாட்சி இல்லையென்றால் வேலை போகும்.

சாட்சி இருந்தான். தங்கை புருஷன் தமீம். இளகிய இறாலைக் கையிலெடுத்து முகர்ந்துவிட்டு முகம் சுளித்தவன்.

காலையில் முத்தையாபுரம் பஸ்ஸில்கூடச் சொன்னான். "ஒத்தையில விட்டுருவனா மச்சான்? என் கண்ணால பாத்தேம்லா."

இப்போது முதல் வரிசையில், ஹாஜியாருக்கு நேர் பின்னால் தமீம்.

நூகு மறுபடி, உரக்க, "சுப்ஹானல்லாஹ்" என்றான்.

ஹாஜியார் அசையவில்லை. வரிசைகள் எழுந்தன. தமீமும் எழுந்தான்.

நூகு மட்டும் உட்கார்ந்திருந்தான். வெளியே இறால் பெட்டிகளோடு கன்டெய்னர் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஐந்தாவதையும் தொழுது, ஸலாம் கொடுத்து முடித்துவிட்டு ஹாஜியார் திரும்பினார். சிரித்த முகம்.

"யாருலே அது, பின்னால சத்தம் போட்டது? நாலுதானே தொழுதோம்?"



"நாலுதான் ஹாஜியார்" என்றான் தமீம்.

வாசலில் காத்திருந்த அலுவலக மேலாளர் நூகுவைக் கூப்பிட்டார். சாட்சி யாரும் உண்டா என்று கேட்டார்.

தமீம் பக்கத்திலேயே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்ல சார்."

தமீம் தேடுவதை நிறுத்தவில்லை.

செருப்பு அவன் காலில்தான் இருந்தது.