பென்சில் கோடு

பழைய கார்ப்பெட்டை உரித்தெடுத்த மாடி அறையில் பசையும் ஈரச் சிமெண்டும் நெடியடிக்கின்றன. புதுப் பலகைக் கட்டுகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் கிடக்கின்றன. தரை போடுபவர் மண்டியிட்டு, தரையில் ஓடும் விரிசலுக்குக் குறுக்கே நேற்று தானே நேராக இழுத்த பென்சில் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். "முடி மாதிரி விரிசல்தானேண்ணே, மேல பலகை போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" வாசலில் சாய்ந்து சிரிக்கிறான் வீட்டுக்காரன். அவர் இன்னும் குனிந்து பார்க்கிறார். விரிசலின் இரு பக்கமும் கோடு அழியாமல்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேரவில்லை, ஒரே இரவில் ஒரு நூல் தள்ளிப் போயிருக்கிறது. ஜன்னல் வெயிலில் தூசி அசையாமல் தொங்குகிறது. அடுத்த அறையில் குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் அவன் மனைவியை, குரலை உயர்த்தாமல் கூப்பிடுகிறார்: "பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போயிடும்மா. மெதுவா நட."