கோதண்டபாணி கடைக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது. காந்தா நாலு தடவை ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாள். திரையில் பொட்டு வெளிச்சம் வரவில்லை.

முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மூன்று மாதமாக அவள் ஏற்றி வைத்த சேலை விவரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. இந்த வேலை போனால் ஆவணியிலேயே மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவன் கல்யாணச் சட்டைக்குத் துணிகூட எடுத்துவிட்டான்.

தொண்ணூற்றேழில், காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளிலேயே முதல் கம்ப்யூட்டர் அது. இரண்டாவது மின்விசிறிக்கே ஒப்பாத அண்ணன் கலியாணசுந்தரத்திடம் மூன்று நாள் மல்லுக்கட்டி, கண்ணாடி அறை, ஏசி, ஆபரேட்டர் சகிதம் வாங்கிப்போட்டவர் தம்பி கோதண்டபாணி. வியாபாரிகள் சங்கத்தில் அவருக்குச் சால்வை போட்டு, "எப்படிங்க தோணிச்சு?" என்று கேட்டார்கள்.

"ஒலகம் எங்கயோ போய்க்கினு இருக்குதுபா. நாம மட்டும் நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருக்கலாமா?" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் மூன்று கடைக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள்.

அதன்மேல் அவருக்கு அப்படியொரு பாசம். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வரை அதைவிட்டு நகரமாட்டார்.

அன்றும் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். காந்தா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"மொதலாளி... கம்ப்யூட்டர் போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல."

கோதண்டபாணியின் முகம் வெளுத்தது. கண்ணாடி வழியே, கல்லாவில் இருந்த அண்ணனை எட்டிப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"இல்ல, மொதலாளி."

"சொல்லாத. எப்பவும்போல நீ பாட்டுக்குத் தட்டிக்கினே இரு. ஒன் வேலைக்கு நான் கேரண்டி."

காந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷனா!

"கம்பெனிக்குப் போன் போட்டா, நாளைக்கே எடுத்துக்கினு போய் ரிப்பேர் பண்ணிக் குடுப்பாங்க மொதலாளி," என்று எழுந்தாள்.

அவர் பாய்ந்து வந்து போன்மேல் கையை வைத்து அமுக்கினார்.

"எடுத்துக்கினு போனா, அண்ணன் ஏசிய நிறுத்திடுவாரும்மா!"